'லைப்ரரி கிடைக்கவில்லை' என்று லினக்ஸ் சொன்னால் உண்மையில் கிடைக்காதது எது?

உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் போட்ட கணினி. இணையத்திலிருந்து ஒரு ஆப்இமேஜ் கோப்பை (ஒரு நிரலை ஒரே கோப்பாகப் பொதிந்து தரும் வடிவம் அது) இறக்கி, இயக்க அனுமதியும் கொடுத்தாயிற்று. இரட்டைக் கிளிக் செய்தால் ஒன்றும் நடக்கவில்லை. பிழைப்பெட்டிகூட வருவதில்லை. அதே கோப்பை டெர்மினலில் ஓட்டினால்தான் காரணம் தெரிகிறது: "எரர் லோடிங் லிப்ஃபியூஸ்.எஸ்ஓ.2".

லிப்ஃபியூஸ் என்பது ஆப்இமேஜைத் திறக்க உதவும் லைப்ரரி. இந்தப் பிழை வரியை அப்படியே தேடுபொறியில் போட்டால் மூன்று விதமான யோசனைகள் வரும். லிப்ஃபியூஸ்2 பேக்கேஜை (நிறுவுவதற்கான மென்பொருள் பொதியை) போடு என்பது ஒன்று. ஃபியூஸ் பேக்கேஜைப் போடு என்பது இன்னொன்று. ஏற்கெனவே இருக்கும் லிப்ஃபியூஸ்3.எஸ்ஓ.3 கோப்புக்கு லிப்ஃபியூஸ்.எஸ்ஓ.2 என்று இன்னொரு பெயர் வைத்துவிடு என்பது மூன்றாவது. பார்க்க மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் முதலாவது மட்டுமே சரி. இரண்டாவது, ஃபியூஸ்3-ஐயும் அதை நம்பியிருக்கும் டெஸ்க்டாப் பேக்கேஜ்களையும் சேர்த்தே நீக்கிவிடக்கூடியது. மூன்றாவது, லோடரிடம் (நிரலுக்குத் தேவையான லைப்ரரிகளைத் தேடி ஏற்றுவது அதுதான்) பொய் சொல்வது. எது சரி, ஏன் சரி என்பதைப் பிழைச்செய்தியை வைத்தே கண்டுபிடிக்க முடியும். அதற்கு லைப்ரரி எப்படி வேலை செய்கிறது என்பது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

(கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில், இடைவெளி மாறாமல் தட்டவும்.)

ஷேர்டு லைப்ரரி என்றால் என்ன?

பல நிரல்களுக்குப் பொதுவாகத் தேவைப்படும் வேலையை ஒரே இடத்தில் எழுதி, தனிக் கோப்பாக வைத்திருப்பதுதான் ஷேர்டு லைப்ரரி. லினக்ஸில் அதன் பெயரில் எஸ்ஓ என்று இருக்கும். விண்டோஸில் டிஎல்எல், மேக்கில் டைலிப்.

நமக்கு நெருக்கமான ஒரு உதாரணம் ஹார்ஃப்பஸ். 'கொ' என்று தட்டினால் கணினிக்குள் சேமிக்கப்படுவது இரண்டே குறியீடுகள்: க, அப்புறம் ஒகரக் குறி. திரையிலோ மூன்று உருவங்கள் வரவேண்டும்: முன்னால் கொம்பு, நடுவில் க, பின்னால் கால். ஒரு குறியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை எழுத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கும் இந்த வேலையை லினக்ஸ் டெஸ்க்டாப்பில் லிப்ஹார்ஃப்பஸ்.எஸ்ஓ.0 என்ற கோப்பு செய்கிறது. க்னோம் டெக்ஸ்ட் எடிட்டரில் தமிழ் ஒழுங்காகத் தெரிவது அதனால்தான். எடிட்டரை எழுதியவருக்குத் தமிழ் தெரிந்திருக்கத் தேவையில்லை. ஹார்ஃப்பஸ்ஸுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

நினைவகமும் வட்டில் இடமும் மிச்சம் என்பது இதில் ஒரு லாபம். அதைவிடப் பெரிய லாபம் பாதுகாப்பில் இருக்கிறது. 2014 ஏப்ரல் 7 அன்று ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை எதிர்முனைக் கணினியின் நினைவகத்தைப் படிக்கவிட்ட ஓட்டை அது. அந்த லைப்ரரியைப் பகிர்ந்து பயன்படுத்திய கணினிகளில், ஒரே ஒரு பேக்கேஜைப் புதுப்பித்து நிரல்களை மறுபடி தொடங்கியதும் எல்லா நிரல்களுக்கும் சேர்த்தே ஓட்டை அடைபட்டது. லைப்ரரியைத் தனக்குள்ளேயே பொதிந்துவைத்திருந்த நிரல்களை ஒவ்வொன்றாகத் தேடித்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

இந்த வசதிக்கு நாம் கொடுக்கும் விலைதான் 'கிடைக்கவில்லை' என்ற பிழைச்செய்தி. நிரல் ஒரு பக்கம், அதற்குத் தேவையானது இன்னொரு பக்கம் என்று இருந்தால், என்றாவது ஒருநாள் இரண்டும் ஒன்றையொன்று தவறவிடத்தான் செய்யும்.

பெயருக்குப் பின்னால் வரும் எண்

லிப்ஃபியூஸ்.எஸ்ஓ.2 என்பதில் முக்கியமான பகுதி கடைசியில் இருக்கும் 2. பலரும் கண்ணை ஓட்டிவிட்டுத் தாண்டிப்போவது அதைத்தான்.

அந்த முழுப் பெயருக்கு எஸ்ஓநேம் என்று பெயர். நிரலைத் தொகுக்கும்போதே, அதாவது எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய கோப்பாக மாற்றும்போதே, "எனக்கு இந்த எஸ்ஓநேம் வேண்டும்" என்று அதற்குள் எழுதப்பட்டுவிடும். அந்த எண் லைப்ரரி எழுதியவர்கள் தரும் உறுதிமொழி. எண் மாறாத வரை உள்ளே திருத்தங்கள் எத்தனை வந்தாலும் பழைய நிரல்கள் ஓடும். பழைய நிரல்கள் உடையும்படி எதையாவது மாற்றினால் எண்ணை மாற்றியாக வேண்டும்.

ஓப்பன்எஸ்எஸ்எல்லையே எடுத்துக்கொள்வோம். 1.1 வரிசையின் எஸ்ஓநேம் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1. 2021 செப்டம்பரில் 3.0 வந்தது, அதன் எஸ்ஓநேம் லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3. உபுண்டு 20.04 பழையதைத் தந்தது, 22.04 புதியதை மட்டும் தந்தது. அதனால் 20.04-க்காகத் தொகுத்த நிரல் ஒன்றை 22.04-க்குக் கொண்டுவந்தால் "லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 இல்லை" என்று நிற்கும். கணினியில் ஓப்பன்எஸ்எஸ்எல் இருக்கிறது. அந்த நிரலுக்கு உறுதிமொழி தந்த ஓப்பன்எஸ்எஸ்எல்தான் இல்லை. தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் பெரும்பாலும் இதுதான்.

லோடர் எங்கெங்கே தேடுகிறது?

நிரலைத் தொடங்கியதும் முதலில் ஓடுவது லோடர். 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் அதன் பெயர் எல்டி-லினக்ஸ்-எக்ஸ்86-64.எஸ்ஓ.2. தேவைப்படும் எஸ்ஓநேம்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு அது தேடும் வரிசை ஏறத்தாழ இப்படி இருக்கும்:

1. நிரலுக்குள்ளேயே எழுதிவைத்திருக்கும் பாதை. இதில் பழைய முறைக்கு ஆர்பாத், புதிய முறைக்கு ரன்பாத் என்று பெயர். ரன்பாத் இருந்தால் அதன் முறை அடுத்த படிக்குப் பிறகுதான் வரும்.
2. எல்டி_லைப்ரரி_பாத் என்ற சூழல் மாறியில் சொல்லியிருக்கும் அடைவுகள்.
3. /இடிசி/எல்டி.எஸ்ஓ.கேஷ் என்ற கோப்பு. கணினியில் எந்த லைப்ரரி எங்கே இருக்கிறது என்று முன்பே எடுத்துவைத்த அட்டவணை இது. எல்டிகான்ஃபிக் என்ற கட்டளைதான் இதை எழுதுகிறது.
4. கடைசியாக /லிப், /யுஎஸ்ஆர்/லிப் போன்ற வழக்கமான அடைவுகள்.

விண்டோஸிலிருந்து வருபவர்கள் இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிரல் இருக்கும் அடைவு இதில் இல்லை. விண்டோஸில் டிஎல்எல்லை நிரலுக்குப் பக்கத்தில் போட்டால் வேலை நடக்கும். லினக்ஸில் எஸ்ஓ கோப்பைப் பக்கத்திலேயே வைத்திருந்தாலும், நிரலுக்குள் அந்தப் பாதை எழுதப்படாதிருந்தால் லோடர் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்காது.

ஒரே மாதிரித் தெரியும் நான்கு செய்திகள்

1. "கேனாட் ஓப்பன் ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைல்": கேட்ட எஸ்ஓநேமில் கோப்பு எதுவும் தேடிய இடங்களில் இல்லை. பேக்கேஜ் போடப்படாமல் இருக்கலாம், அல்லது கோப்பு இருந்தும் அட்டவணையில் ஏறாமல் இருக்கலாம்.

2. "ராங் இஎல்எஃப் கிளாஸ்: இஎல்எஃப்கிளாஸ்32": கோப்பு கிடைத்தது. ஆனால் அது 32 பிட், நிரல் 64 பிட்.

3. "வெர்ஷன் ஜிலிப்சி_2.34 நாட் ஃபவுண்ட்": லைப்ரரி இருக்கிறது, அதற்கு வயதாகிவிட்டது. ஜிலிப்சி என்பது லினக்ஸின் அடித்தள லைப்ரரி. உபுண்டு 20.04-இல் இருப்பது 2.31, 22.04-இல் 2.35, 24.04-இல் 2.39. புதிய கணினியில் தொகுத்த நிரலைப் பழைய கணினியில் ஓட்டும்போது இந்தச் செய்தி வரும். ஜிலிப்சியை மட்டும் தனியாக மாற்றிப்போட முயலவே கூடாது. எல்எஸ், சிபி போன்ற சாதாரணக் கட்டளைகள்கூட அதன் மேல்தான் நிற்கின்றன. அது உடைந்தால் சரிசெய்யக் கையில் ஒரு கருவியும் மிஞ்சாது.

4. "நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி" என்று மட்டும். இதுதான் அதிகம் குழப்புவது. கோப்பு கண்ணெதிரே இருக்கும். எல்எஸ் கொடுத்தால் தெரியும். ஓட்டினால் மட்டும் "அப்படியொரு கோப்பே இல்லை" என்று வரும். இல்லாதது அந்த நிரல் அல்ல, அது கேட்கும் லோடர். 32 பிட் நிரல் ஒன்று எல்டி-லினக்ஸ்.எஸ்ஓ.2 என்ற 32 பிட் லோடரைக் கேட்கும். வெறும் 64 பிட் கணினியில் அது இருக்காது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தேடிப் பார்த்துவிட்டு 'இல்லை' என்கிறது. எது இல்லை என்பதைச் சொல்வதில்லை. 'ஃபைல்' என்ற கட்டளையை அந்த நிரலின் மேல் ஓட்டினால் அது 32 பிட்டா 64 பிட்டா, எந்த லோடரைக் கேட்கிறது என்று ஒரே வரியில் சொல்லிவிடும்.

சரிசெய்யும் வரிசை

1. நிரலை டெர்மினலில் ஓட்டி, செய்தியை முழுதாகப் படியுங்கள். எஸ்ஓநேமை எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள்.

2. எல்டிடி என்ற கட்டளைக்கு நிரலின் பாதையைக் கொடுங்கள். தேவைப்படும் லைப்ரரிகள் வரிசையாக வரும். கிடைத்தவற்றுக்கு எதிரே பாதையும், கிடைக்காதவற்றுக்கு எதிரே "நாட் ஃபவுண்ட்" என்றும் இருக்கும். பிழைச்செய்தி ஒரு நேரத்தில் ஒரு லைப்ரரியைத்தான் சொல்லும். எல்டிடி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால், ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று: எங்கிருந்து வந்தது என்று தெரியாத நிரலின் மேல் எல்டிடியை ஓட்டாதீர்கள். சில சூழல்களில் அது அந்த நிரலையே இயக்கிவிடும். அப்படிப்பட்ட கோப்புக்கு 'ரீட்எல்ஃப் -டி' போதும். அது கோப்பைப் படிப்பதோடு சரி.

3. எல்டிடி "எல்லாம் இருக்கிறது" என்று சொல்லியும் நிரல் விழுகிறதா? அப்படியானால் ஓடத் தொடங்கிய பிறகு நிரல் தானாகவே கேட்டு வாங்கும் லைப்ரரி ஒன்று விடுபட்டிருக்கிறது. ஆப்இமேஜ் லிப்ஃபியூஸைக் கேட்பது இந்த வழியில்தான். க்யூட்டி (சாளரம், பொத்தான் போன்றவற்றை வரையும் லைப்ரரித் தொகுப்பு) கொண்டு எழுதிய நிரல்களில் இது அடிக்கடி நடக்கும். "எக்ஸ்சிபி பிளக்இன் இருக்கிறது, ஆனால் ஏற்ற முடியவில்லை" என்ற பொருளில் ஒரு செய்தி வரும். க்யூட்டி 6.5-லிருந்து அந்தப் பிளக்இன்னுக்கு லிப்எக்ஸ்சிபி-கர்சர்0 என்ற பேக்கேஜ் தேவைப்படுகிறது. அது இல்லாததே பல இடங்களில் காரணம். இப்படித் தேடும்போது 'எல்டி_டீபக்=லிப்ஸ்' என்பதை நிரலின் பெயருக்கு முன்னால் சேர்த்து ஓட்டுங்கள். லோடர் எந்த அடைவில் எதைத் தேடியது, எங்கே கைவிட்டது என்பது ஒவ்வொரு வரியாக வரும். கொட்டுகிற வரிகள் நிறைய இருக்கும். கடைசிப் பகுதியைப் பார்த்தால் போதும்.

4. அந்த எஸ்ஓநேமைத் தரும் பேக்கேஜ் எது என்று தேடுங்கள். உபுண்டு, டெபியனில் ஆப்ட்-ஃபைல் என்ற கருவியைப் போட்டு, 'ஆப்ட்-ஃபைல் அப்டேட்' செய்துவிட்டு 'ஆப்ட்-ஃபைல் சர்ச்' என்று எஸ்ஓநேமைக் கொடுக்கலாம். ஃபெடோராவில் 'டிஎன்எஃப் புரொவைட்ஸ்', ஆர்ச்சில் 'பேக்மேன் -எஃப்'. விடையில் -டெவ் என்று முடியும் பேக்கேஜும் சில நேரம் வரும். அது நிரல் எழுதுபவர்களுக்கு; ஓட்டுவதற்கு மட்டும் அது வேண்டாம்.

5. நிரல் 32 பிட் என்றால் 'டிபிகேஜி --ஆட்-ஆர்க்கிடெக்சர் ஐ386' கொடுத்து, ஆப்ட் (உபுண்டு, டெபியனில் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) வைத்திருக்கும் பட்டியலைப் புதுப்பித்து, பேக்கேஜ் பெயருக்குப் பின்னால் :ஐ386 சேர்த்துப் போடுங்கள்.

6. லைப்ரரியை நீங்களே தொகுத்து /யுஎஸ்ஆர்/லோக்கல்/லிப் அடைவில் போட்டிருந்தால், 'சூடோ எல்டிகான்ஃபிக்' ஒருமுறை ஓட்டினாலே உபுண்டு, டெபியனில் பிரச்சினை தீர்ந்துவிடும். ஃபெடோராவில் அந்த அடைவு இயல்பாகப் பட்டியலில் இருப்பதில்லை. /இடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி அடைவுக்குள் .கான்ஃப் என்று முடியும் ஒரு கோப்பில் பாதையை எழுதிவிட்டு, அப்புறம் எல்டிகான்ஃபிக் ஓட்டுங்கள்.

பேக்கேஜ் பெயர் ஏன் திடீரென்று மாறியது?

உபுண்டு 24.04-க்கு வந்தவர்கள் பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். பழைய வழிகாட்டி 'லிப்அசவுண்ட்2-ஐப் போடு' என்கிறது. ஆப்ட்டோ அது வெறும் பெயரளவிலான பேக்கேஜ், நிறுவ எதுவும் இல்லை என்கிறது. உண்மையான பெயர் இப்போது லிப்அசவுண்ட்2டி64. அதேபோல லிப்ஃபியூஸ்2 இப்போது லிப்ஃபியூஸ்2டி64.

டி64 எங்கிருந்து வந்தது? பழைய 32 பிட் முறை 1970 ஜனவரி 1-லிருந்து கடந்த வினாடிகளை எண்ணி நேரத்தைக் குறிக்கிறது. 2038 ஜனவரி 19 அன்று, உலகப் பொது நேரம் அதிகாலை 3 மணி 14 நிமிடம் 7 வினாடியோடு அந்த எண்ணுக்கு இடம் தீர்ந்துவிடும். அதைத் தவிர்க்க, 32 பிட் ஏஆர்எம் கணினிகளில் நேரத்தின் அளவை 64 பிட்டாக்கும் பெரிய மாற்றத்தை டெபியனும் உபுண்டுவும் செய்தன. மாற்றத்தால் பாதிக்கப்பட்ட லைப்ரரிகளின் பேக்கேஜ் பெயர்களோடு டி64 சேர்ந்தது.

நம் மேசையில் இருக்கும் 64 பிட் கணினியில் நேரம் முன்பே 64 பிட்தான். உள்ளே எதுவும் மாறவில்லை, பெயர் மட்டும் மாறியது. கோப்பின் எஸ்ஓநேமும் மாறவில்லை: இன்றைக்கும் அது லிப்அசவுண்ட்.எஸ்ஓ.2தான், லிப்ஃபியூஸ்.எஸ்ஓ.2தான். பழைய பதிவுகளில் படித்த பேக்கேஜ் பெயரை மனப்பாடம் செய்வதைவிட, எஸ்ஓநேமை வைத்துத் தேடுங்கள் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

ஆக, தொடக்கத்தில் பார்த்த ஆப்இமேஜுக்கு 22.04-இல் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் லிப்ஃபியூஸ்2', 24.04-இல் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் லிப்ஃபியூஸ்2டி64'. பேக்கேஜ் கிடைக்கவில்லை என்றால் யுனிவர்ஸ் என்ற உபுண்டு பேக்கேஜ் களஞ்சியம் இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வேறு எந்தக் கட்டளையைக் கொடுத்தாலும், ஆப்ட் 'இவை நீக்கப்படும்' என்று காட்டும் பட்டியலைப் படிக்காமல் ஒய் அழுத்தாதீர்கள்.

பெயரை மாற்றி ஏமாற்றினால் என்ன ஆகும்?

லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3-க்கு லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 என்று ஒரு சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் மாற்றுப் பெயர்) போட்டுப் பார்த்தால், "இல்லை" என்ற செய்தி போய்விடும். அடுத்த நொடியே வேறொன்று வரும்: "வெர்ஷன் ஓப்பன்எஸ்எஸ்எல்_1_1_0 நாட் ஃபவுண்ட்". ஒவ்வொரு செயற்கூற்றோடும் பதிப்பின் பெயரை ஓப்பன்எஸ்எஸ்எல் முத்திரை குத்திவைத்திருப்பதால், வெளியே பெயர்ப்பலகையை மாற்றினாலும் உள்ளே பிடிபட்டுவிடும்.

இங்கே பிடிபட்டது நல்லதுதான். இப்படி முத்திரை இல்லாத லைப்ரரிகளும் உண்டு. அவற்றில் இந்த வேலையைச் செய்தால் நிரல் திறந்துகொள்ளும், ஓடவும் செய்யும். பழைய பதிப்பில் 16 பைட்டாக இருந்த ஒரு தரவமைப்பு புதியதில் 24 பைட் ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரல் 16 பைட்டுக்கு இடம் ஒதுக்கும், லைப்ரரி 24 பைட் எழுதும். மீதி 8 பைட் பக்கத்தில் இருக்கும் வேறு எதன் மேலோ விழும். பத்து நிமிடம் கழித்து நிரல் மூடிக்கொள்ளலாம். அல்லது மூடாமலே, சேமித்த கோப்பில் தவறான எண்ணை எழுதிவைக்கலாம். திறக்க மறுக்கும் நிரலைவிட இது பல மடங்கு ஆபத்து.

பழைய உபுண்டுவின் லிப்எஸ்எஸ்எல்1.1 பேக்கேஜை இறக்கிப் போடுவது நேர்மையான வழி, ஏனென்றால் அந்த எஸ்ஓநேம் உண்மையிலேயே கிடைக்கும். ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டது. அப்படிப் போட்ட பேக்கேஜுக்கு வழக்கமான புதுப்பிப்பு எதுவும் வந்து சேராது. இணையத்தோடு பேசும் நிரலுக்கு இதைச் செய்யவே வேண்டாம்.

எல்டி_லைப்ரரி_பாத்தை ஒரு நிரலுக்கு மட்டும், ஒரு ஓட்டத்துக்கு மட்டும் கொடுப்பதில் தவறில்லை. அதை டெர்மினல் திறக்கும்போதெல்லாம் படிக்கப்படும் பேஷ்ஆர்சி கோப்பில் நிரந்தரமாக எழுதிவைத்தால், அந்த டெர்மினலில் தொடங்கும் எல்லா நிரல்களும் முதலில் அந்த அடைவைப் பார்க்கும். என்றோ எழுதியதை மறந்தபிறகு, சம்பந்தமே இல்லாத வேறொரு நிரல் விழும்.

விண்டோஸில் இதே சிக்கல்

அங்கே அதிகம் வருவது விசிரன்டைம்140.டிஎல்எல் இல்லை என்ற செய்தி. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிளை இறக்கிப் போட்டால் தீரும். 64 பிட் விண்டோஸிலும் 32 பிட் நிரல்கள் ஓடுவதால் எக்ஸ்86, எக்ஸ்64 இரண்டையும் போடுவது நல்லது. ஒற்றை டிஎல்எல்லை மட்டும் தரும் தளங்களுக்குப் போகவே வேண்டாம். வருவது எந்தப் பதிப்பு, உள்ளே என்ன சேர்க்கப்பட்டிருக்கிறது என்று சோதிக்க வழியில்லாத கோப்பை நிரலுக்குள் நீங்களே ஏற்றுகிறீர்கள். போதாக்குறைக்கு அடைவுப் பெயர்களும் குழப்பும்: 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 அடைவில் இருப்பவை 64 பிட் டிஎல்எல்கள், சிஸ்வாவ்64 அடைவில் இருப்பவை 32 பிட். பெயரை நம்பிக் கையால் நகலெடுப்பவர்கள் தவறான இடத்தில்தான் போடுவார்கள்.

எதுவும் பலிக்கவில்லை என்றால்

லினக்ஸில் கேட்ட எஸ்ஓநேம் எந்தக் களஞ்சியத்திலும் இல்லாமல் போகலாம். அப்போது அதே நிரலின் ஃப்ளாட்பேக் அல்லது ஸ்னாப் வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள். தேவையான லைப்ரரிகளும் அவற்றோடு சேர்ந்தே வந்துவிடும். ஆனால் ஹார்ட்பிளீட் கதையை இங்கே நினைவில் வைக்க வேண்டும். நிரலோடு பொதிந்து வந்த லைப்ரரியில் ஓட்டை வந்தால், கணினியின் வழக்கமான புதுப்பிப்பு அதை அடைக்காது. அந்தப் பொதியைத் தருபவர்தான் அடைக்க வேண்டும். அதனால் தொடர்ந்து புதுப்பிக்கப்படுகிற பொதியாகப் பார்த்து எடுங்கள்.

அதுவும் இல்லையென்றால் நிரலை எழுதியவர்களுக்குத் தெரிவியுங்கள். 'ஓடவில்லை' என்று மட்டும் எழுதினால் அவர்களால் எதுவும் செய்ய முடியாது. லினக்ஸின் பெயரும் பதிப்பு எண்ணும், நிரலின் பதிப்பு, டெர்மினலில் வந்த செய்தி முழுதாக, எல்டிடி தந்த பட்டியல் ஆகிய நான்கையும் படமாக இல்லாமல் எழுத்தாக ஒட்டி அனுப்புங்கள். எந்த எஸ்ஓநேமுக்காகத் தொகுத்தார்கள், உங்கள் கணினி எதைத் தருகிறது என்பது அந்த நான்கிலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும்.